சாயவேரும் மலாக்காத் துறையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா உபயத்தை முன்னிட்டு ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று தலைவர் அவர்கள் பணித்தபோது நான் மிகவும் தயங்கினேன். நான் அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை கற்ற தமிழே என்னிடம் உள்ள முதல். திருமுறைகளையும் புராணங்களையும் எடுத்து விளக்க என்னினும் தகுதி வாய்ந்த பெரியோர் இந்த மண்டபத்திலேயே பலர் அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே கருவறைக்கு முன்னால் நின்று பேசும் துணிவு எனக்கில்லை; ஆலயத்தின் பின்புறத்தில் பழைய சாமான்கள் போட்டு வைக்கும் அறை ஒன்று இருக்குமே, அங்கே நின்று பேசுகிறேன் என்று அனுமதி பெற்றுக்கொண்டேன். நான் பேசப் போவது சாயத்தைப் பற்றி. அதற்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2004-ஆம் ஆண்டு வாக்கில், நான் பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் குடமுழுக்கு ஏற்பாடாயிற்று. அதற்கு முன்னதாக இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து துப்புரவுப் பணி செய்தோம். சாமான் அறையில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதனுள் உடைந்த விளக்குகளுக்கும் பழைய படங்களுக்கும் அடியில் ஒரு திரைச்சீலை மடித்து வைக்கப்பட்டிருந்தது. விரித்துப் பார்த்தோம். நடுவே அம்மன், சுற்றிலும் கொடியும் பூவும், உருவங்களுக்கெல்லாம் கருங்கோடு, அந்தக் கோட்டுக்குள் அடர்ந்த சிவப்பு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தது. பூச்சி அரித்த ஓட்டைகளும் இருந்தன. "அது ஊரிலிருந்து வந்தது தம்பி" என்று ஒரு பெரியவர் சொன்னார். கந்தல் துணி கோயிலில் கிடக்கக் கூடாது என்று மற்றொருவர் சொன்னார். இரண்டாமவர் பேச்சே எங்களுக்கு வசதியாக இருந்தது. காய்ந்த மாலைகளோடும் கண்ணாடி போன படச்சட்டங்களோடும் சேர்த்துக் கோயிலுக்குப் பின்னால் குவித்துக் கொளுத்தினோம். தீக்குச்சியை உரசியவன் நான்தான்.

அந்த இடத்தில் தொங்கவிட நகரத்துக் கடையிலிருந்து ஜரிகைக் கரையிட்ட பளபளப்பான நைலான் திரை ஒன்றை வாங்கி வந்தோம். மூன்றாவது திருவிழாவுக்குள் அதன் சிவப்பு வெளுத்து, தேய்ந்த ரோஜா நிறமாகிவிட்டது. எத்தனை ஆண்டு எண்ணெய்ப்புகை குடித்தும் நிறம் மாறாதிருந்த அந்தப் பழைய துணியை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். பின்னர் ஒரு நாள், சோழமண்டலக் கரையின் பழந்துணிகளைப் பற்றிய நூல் ஒன்றில் அதே கருங்கோட்டையும் அதே அடர்ந்த சிவப்பையும் வண்ணப்படமாகக் கண்டேன். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். படித்ததில் ஒரு பகுதியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

தொலைவில் தொடங்க வேண்டியதில்லை. நம் மலாய் நண்பர்கள் வீட்டில் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை அவர்கள் 'காயின் பெலிகாட்' என்கிறார்கள். பெலிகாட் என்றால் என்னவென்று எங்கள் அலுவலக நண்பர் ஒருவரிடம் கேட்டேன். பெயர் அவ்வளவுதான் என்று சிரித்தார். அது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் புலிக்காட் ஆகி, இங்கே பெலிகாட் ஆயிற்று. அதே போன்று நம் பாட்டிமார் 'சீட்டித் துணி' என்பார்களே, பூப்போட்ட பருத்தித் துணி, அதை மலாய்க்காரர்கள் 'சித்தா' என்கிறார்கள். ஆங்கிலேயர் 'சின்ட்ஸ்' என்றனர். மூன்றும் ஒரு சொல்லின் மூன்று உருவங்களே.

அந்தத் துணிகள் வந்து இறங்கிய துறை நம் மலாக்கா. 1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த மறு ஆண்டு தோமே பிரெஸ் என்பவர் இங்கே வந்து 1515 வரை தங்கினார். அவர் தொழிலால் மருந்துச் சரக்கு அறிந்தவர். இத்துறையில் என்ன வருகிறது, என்ன போகிறது, யார் விற்கிறார்கள் என்பதையெல்லாம் விரிவாக எழுதி வைத்தார். சுல்தான்கள் காலத்தில் வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தார்கள் என்றும், அவர்களுள் ஒருவர் சோழமண்டலம், வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடங்களிலிருந்து வருவோருக்கென்றே இருந்தார் என்றும் அவர் குறிப்பிலிருந்து அறிகிறோம். அக்காலத்தில் இழிசொல்லாக இல்லாத 'கெலிங்' என்ற பெயரால் நம்மவர் குறிக்கப்பட்டனர். பருவக்காற்றை நம்பித் துணி மூட்டைகளோடு வந்து, அடுத்த காற்றில் கிராம்பும் சாதிக்காயும் சந்தனமும் ஈயமும் ஏற்றிக்கொண்டு திரும்பினர். மசாலைத் தீவுகளில் துணியே பணமாகவும் நடமாடிற்று. டச்சுக்காரர்கள் வந்த பிறகு இதைத் தெளிவாகக் கண்டுகொண்டனர். ஹெண்ட்ரிக் பிரவுவர் என்னும் டச்சு அதிகாரி 1612-இல் எழுதிய மடலில், சோழமண்டலக் கரை மலுக்குத் தீவுகளின் இடக்கை போன்றது என்று குறிப்பிட்டார். துணி இல்லாவிட்டால் அங்கே வாணிகமே இல்லை என்பது அவர் கருத்து. மறு ஆண்டே பழவேற்காட்டில் அவர்களது கெல்டிரியா கோட்டை எழுந்துவிட்டது.

மலாய் இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. 'செஜாரா மெலாயு' என்னும் நூலில் ஹாங் நாடிம் கதை வருகிறது. சுல்தான் மாமூட் அவரைக் கலிங்க நாட்டுக்கு அனுப்பி, நாற்பது வகைத் துணிகள், ஒவ்வொன்றிலும் நாற்பது வகைப் பூக்கள் இருக்குமாறு வாங்கிவரச் சொன்னார். அங்குள்ள ஓவியர்கள் வரைந்து காட்டியது எதுவும் ஹாங் நாடிமுக்குப் பிடிக்கவில்லை. தாளும் மையும் வாங்கித் தாமே வரைந்து காட்டினார். ஓவியர்கள் வியந்தார்கள், ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுதக் கை நடுங்குகிறது என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துச் சென்று எழுதிக் கொடுத்தார்கள். திரும்பும் வழியில் கப்பல் மூழ்கியது. மிஞ்சியவை நான்கே துணிகள். சுல்தான் கடுஞ்சினம் கொண்டார். கதையில் வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஒரு துணிக்காகக் கடல் கடந்து ஆள் அனுப்பும் அரசவை ஒன்று நம் ஊரில் இருந்தது என்பதும், அந்தத் துணியில் பூ எழுதிய கைகள் நடுங்கின என்று எழுதி வைக்க ஒருவருக்குத் தோன்றியது என்பதும் என் நெஞ்சைத் தொட்டன. உயர் அதிகாரி பின்னால் நின்று பார்க்கும்போது தட்டச்சு செய்தவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும்.

சரி, அந்தத் துணியில் அப்படி என்ன இருந்தது? பருத்தி எல்லா நாட்டிலும் கிடைத்ததல்லவா என்று கேட்கலாம். விடை எளிது. துவைத்தால் சாயம் போகவில்லை. சில துணிகள் துவைக்கத் துவைக்க மேலும் துலங்கின. ஐரோப்பியர் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்ற அறிந்திருந்தனர். பருத்தி நூல் சாயத்தை எளிதில் ஏற்காது. அதை ஏற்கச் செய்யும் வித்தையை நம் கரையோரத்துச் சாயக்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

நிறம் வேறு, நிறத்தைப் பிடித்து நிறுத்துவது வேறு. பிடித்து நிறுத்தும் பொருளை இன்றைய வேதியியலில் நிறமூன்றி என்பார்கள். படிக்காரம் ஒரு நிறமூன்றி. இரும்பு கரைந்த நீர் மற்றொன்று. இவற்றைக் கொண்டு அவர்கள் செய்த வேலையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதில்தான் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

முதலில் துணியை ஓரளவு வெளுத்து, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு நூலில் ஏறும். பாலின் கொழுப்பு, பின்னர் எழுதும் நீர் கசிந்து பரவாதபடி தடுக்கும். பிறகு மரக்கட்டையால் அடித்து அடித்துத் துணியை வழவழப்பாக்குவார்கள். தாளில் வரைந்த சித்திரத்தின் கோடுகளில் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, துணிமேல் படியச் செய்வார்கள். அடுத்தது எழுத்து. பழைய இரும்புத் துண்டுகளைப் புளித்த கஞ்சியில் ஊறப்போட்டு எடுத்த நீரைத் தொட்டுக் கோடு இழுத்தால், அது கடுக்காயோடு சேர்ந்து அக்கணமே கறுத்துவிடும். முற்காலத்தில் எழுதும் மை செய்ததும் இதே முறைதான்.

சிவப்பு வர வேண்டிய இடத்தில் சிவப்பைத் தடவுவதில்லை. அங்கே படிக்கார நீரால் எழுதுவார்கள். படிக்கார நீருக்கு நிறமில்லை. எழுதுவோர் கண்ணுக்கே தெரியாது. அதனால் அடையாளத்துக்காகப் பதங்கக் கட்டையின் சாற்றைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள். அந்த அடையாள நிறம் நிற்காது, போய்விடும். போனால் குற்றமில்லை. பிறகு துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் பானையில் இடுவார்கள். படிக்காரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். படிக்காரம் படாத இடத்தில் ஏறிய செம்மையை, ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுத்துவிடுவார்கள். படிக்காரம் அழுத்தமாக இருந்தால் இரத்தச் சிவப்பு, இளக்கமாக இருந்தால் வெளிர் சிவப்பு. ஒரே பானை, ஒரே வேர். நிறத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்த நீரில் அடங்கியிருந்தது.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டத்துப் பால்கொட்டகை நினைவுக்கு வந்தது. பால்மரத்துப் பாலில் ஆசிட்டை எவ்வளவு விட வேண்டும், எத்தனை நேரத்தில் உறையும் என்பதை என் தந்தையார் அளவுகோல் பாராமலே சொல்வார். படிப்பில்லாதவர் என்று அவரைப் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள்.

நீலம் வேறு வகை. அவுரி இலையைத் தொட்டியில் ஊறவைத்து, நீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் வண்டலைக் கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டி நீரில் கரையாது. அதைக் கரைக்கச் சுண்ணாம்பு நீரும் தகரை விதையும் சேர்த்துப் பானையில் புளிக்கவைக்க வேண்டும். புளித்த பானையில் முக்கி எடுத்த துணி முதலில் பசுமஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் நம் கண்முன்னே நீலமாகும். நீலம் ஏறக் கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடியே பானையில் இடுவார்கள். பிறகு கொதிநீரில் மெழுகை உருக்கி எடுப்பார்கள். நீலத்தின் மேல் மஞ்சளைப் பூசினால் பச்சை. அந்த மஞ்சள் மட்டும் அவ்வளவு உறுதியானதன்று. பழைய துணிகளில் இலைகள் இன்று நீலமாகத் தெரிவதற்கு அதுவே காரணம்.

சாயவேர் என்பது சிறு செடி. மணற்பாங்கான கரையோரத்தில் வளர்வது. கிளிஞ்சல் கலந்த மணலில் வளர்ந்த வேருக்கு மதிப்பு அதிகம். சித்த மருத்துவர்கள் இதனை இம்பூறல் என்பார்கள். இருமலுக்கும் இரத்தம் கக்கும் நோய்க்கும் கொடுக்கும் மூலிகை. ஒரே வேர் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்குச் சாயம்.

இத்தனை விவரமும் எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று நீங்கள் கேட்க வேண்டும். தமிழ் ஏட்டிலிருந்து அன்று. பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதிலிருந்து. 1734-ஆம் ஆண்டளவில் பொலியு என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, பாரிஸ் நகரத்து அறிவியலாளர் டூஃபே என்பவருக்காகப் புதுச்சேரியில் ஒரு துணி உருவாவதைத் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து பார்த்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் இன்றும் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. 1742-இல் கெர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களை விசாரித்து, முறை முழுவதையும் ஒரு நீண்ட மடலாக எழுதி அனுப்பினார். எந்தக் கிணற்று நீர் நல்லது என்பது வரை கேட்டு எழுதினார். சமஸ்கிருதமும் லத்தீனும் உறவுடையவை என்று பிற்காலத்தில் எடுத்துக் காட்டிய அறிஞரும் இவரே.

அவர்கள் இவ்வளவு பாடுபட்டது சும்மா அன்று. நம் துணிகள் ஐரோப்பியச் சந்தையைக் கலக்கியிருந்தன. பிரான்ஸ் 1686-இல் இத்துணிகளைத் தடை செய்தது. அந்தத் தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்து 1701-இல் ஒரு சட்டமும் 1721-இல் அதைவிடக் கடுமையான ஒரு சட்டமும் கொண்டுவந்தது. தடுக்க முடியாததைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பது அவர்கள் முடிவு. கற்றுக்கொண்டார்கள். அது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். அதில் கோபம் கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் கெர்து பாதிரியாரின் மடலில் முறை இருக்கிறது, சொன்னவர்களின் பெயர் இல்லை. துணியின் பெயர், வேரின் பெயர், நீரின் சுவை எல்லாம் இருக்கின்றன. எழுதிய கை யாருடையது என்று இல்லை. நம்மவராவது எழுதி வைத்தார்களா? தந்தை மகனுக்குச் சொன்னார், மாமியார் மருமகளுக்குச் சொன்னார். அது போதும் என்றிருந்துவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. மேடையேறும்போதெல்லாம் கடாரம் கொண்ட சோழனையும் மலாக்காவின் பெருவணிகர்களையும் சொல்லிப் பெருமைப்படுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. பெருமை இருக்கட்டும். நம்மில் பெரும்பாலோர் அந்தக் கப்பல் முதலாளிகளின் பேரர்கள் அல்லர். நம் பாட்டனார்கள் பால்மரம் வெட்ட வந்தவர்கள். அவர்களுக்கு நெருங்கிய உறவு யாரென்று பார்த்தால், வேர் தோண்டியவர்களைச் சொல்ல வேண்டும். இலங்கையின் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் சாயவேர் தோண்டும் உரிமையை டச்சு ஆட்சியாளர்கள் தங்கள் கையில் வைத்துக்கொண்டு, அதற்கென்று சில மக்களைக் கட்டாயமாக வேலை வாங்கினர். பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்திலும் அது தொடர்ந்தது. கடல்மணலில் குனிந்து குச்சியால் வேர் கிண்டி, எடை போட்டு ஒப்படைத்தவர்கள் அவர்கள். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடக் காத்து நின்ற தலைமுறையைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1856-இல் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஓர் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1868-இல் ஜெர்மனியில் கிரேபவும் லீபர்மனும் அலிசரின் என்னும் சிவப்பை உண்டாக்கினார்கள். சாயவேரில் உள்ள சிவப்பும் அலிசரின்தான். 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. அதன் பின் வேர் தோண்டுவாரும் இல்லை, அவுரித் தொட்டியில் இறங்குவாரும் குறைந்தனர்.

முற்றும் அழிந்துவிடவில்லை. தஞ்சைப் பகுதியில் கருப்பூரிலும் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கோயில்களுக்கான துணிகளை இன்றும் கையால் எழுதுகிறார்கள். தேரில் தொங்கும் தொம்பை, வாயிலில் கட்டும் வாசமாலை, சுவாமிக்கு மேலே கட்டும் விதானம், திரை ஆகியவை அங்கே உருவாகின்றன. கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசர்கள் போனார்கள், கப்பல்கள் போயின. கடைசி வரை அந்தத் தொழிலுக்கு வேலை கொடுத்தது கோயில். நான் கொளுத்திய துணியும் கோயிலுக்கென்று எழுதியதுதான்.

மலாக்காவில் என்ன மிஞ்சியிருக்கிறது என்றும் பார்ப்போம். தைவநாயகம் செட்டியாருக்கு டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தில் இன்றும் மணி ஒலிக்கிறது. காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கிறார்கள். தமிழ் பேசுவது குறைந்தும் வழிபாட்டை விடாதவர்கள். மொழியிலும் தடயம் உண்டு. மலாய் மொழியில் நிறத்துக்கு 'வார்னா' என்ற சொல், நம் வர்ணம். நீலச்சாயம் 'நீலா'. ஒரு துளி நீலா பட்டால் ஒரு பானைப் பால் கெடும் என்று அவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. செஞ்சாயத்துக்குக் 'கெசும்பா', வடமொழியின் குசும்பம். லயத்துக்குப் பின்னால் வேண்டாத மரமாக நின்ற 'மெங்குடு'வை நினைவிருக்கிறதா? அதன் பழம் நாறும் என்று நாம் ஓடுவோம். அதுதான் நம் நாட்டு நுணா, மஞ்சணத்தி. அதன் வேர்ப்பட்டையும் சிவப்புச் சாயம் தருவது.

மஞ்சளைப் பற்றிச் சொல்லாமல் ஆலயத்தில் நிறத்தைப் பற்றிப் பேசி முடிக்க முடியாது. மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் மஞ்சள் அரசகுலத்துக்கு மட்டும் உரியது; சுல்தான் முகமது ஷா குடிமக்கள் மஞ்சள் உடுத்தக் கூடாது என்று விதித்ததாகச் 'செஜாரா மெலாயு' கூறுகிறது. அதே மண்ணில், காப்புக் கட்டிய நாள் முதல் தீமிதி வரை, மரம் வெட்டும் தொழிலாளி மஞ்சள் வேட்டியோடு நடந்தார். எந்த அதிகாரியும் தடுக்கவில்லை. அம்மன் கொடுத்த அனுமதி அது என்று என் பாட்டி சொல்வார்.

மஞ்சள் நல்ல சாயமன்று, வெயிலுக்கு நிற்காது. ஆனால் அது நல்ல ஆசிரியர். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்தவுடன் சிவப்பாவதைப் பார்க்காத குழந்தை இங்கே இருக்காது. 1664-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதைக் கொண்டு பொருள்களைச் சோதிக்கலாம் என்று காட்டினார். பிற்காலத்தில் வேதியியலார் மஞ்சள் தோய்த்த தாளையும் காரத்தைக் கண்டறியப் பயன்படுத்தினர். நாம் மணமக்களுக்குச் சுற்றிய தட்டிலும் அதே மாற்றம்தான். அறிவியலை நாமே கண்டுபிடித்தோம் என்று சொல்ல வரவில்லை. பாயில் ஏன் என்று கேட்டார், எழுதி வைத்தார். நாம் கண்ணூறு கழிந்தது என்று தெருவில் ஊற்றினோம்.

குங்குமமும் அப்படியே. என் தாயார் தோட்டத்தில் இருந்தவரை குங்குமத்தைக் கடையில் வாங்கியதில்லை. மஞ்சள் கிழங்கை உலர்த்தி, எலுமிச்சைச் சாற்றில் படிக்காரமும் வெண்காரமும் கரைத்து, அதில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து இடிப்பார். சாயக்காரர்கள் துணியில் எழுதிய அதே படிக்காரம். இன்று பொட்டலத்தில் வரும் கருஞ்சிவப்புத் தூளில் பல, மாவில் ஏற்றிய மலிவுச் சாயம். நெற்றியில் அரிப்பு வருகிறது என்று சில தாய்மார்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு ஆலயத்திலேயே குங்குமம் இடிக்கலாமா என்பதை நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன். மகளிர் பிரிவினர் பொறுப்பேற்றால் இடிப்பதற்கு நான் வருகிறேன். என் தாயார் அளவு சொல்லத் தயாராக இருக்கிறார். இம்முறை ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வருவேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்தத் திரைச்சீலையைப் பற்றி, "ஊரிலிருந்து வந்தது" என்று சொன்ன பெரியவர் காலமாகிவிட்டார். தோட்டமும் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அது எழுதிய துணியா, அச்சுத் துணியா, அந்தச் சிவப்பு வேரிலிருந்து வந்ததா, ஜெர்மன் டப்பாவிலிருந்து வந்ததா என்பதைச் சாம்பலிடம் கேட்க முடியாது. ஆனால் அவருடைய மூத்த சகோதரி ஜாசினில் தம் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாகச் சென்ற மாதம் கேள்விப்பட்டேன். தொண்ணூறைத் தாண்டியவர். காது மந்தம், நினைவு தெளிவு என்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பார்க்கப் போகிறேன். கொளுத்தியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்க வேண்டும். எங்களோடு அன்று துப்புரவுக்கு வந்தவர்களில் மூவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். வண்டியில் இடமிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டியார் வைத்த பழந்துணி ஏதேனும் இருந்தால், தயவுசெய்து சோப்புத்தூளில் ஊறப்போடுவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.